குஷிக்பாயைத் தெருவில் பிடித்தார்கள்

காலை ஒன்பதரைக்குப் போன் அடித்தது. குன்சுலு எடுத்தாள். மறுமுனையில் ஒரு பெண் கொட்டாவியை அடக்காமலே பேசினாள்.

"மிர்சா வீடுதானே? உங்க குஷிக்பாய் எங்ககிட்ட இருக்கு. தெருவுல சுத்திக்கிட்டிருந்துச்சாம், வண்டியில தூக்கிப் போட்டுக் கொண்டாந்துட்டாங்க. கழுத்துல பட்டை இல்ல, வாய்ப்பூட்டு இல்ல. இன்னிக்குச் சாயந்திரம் ஆறு மணிக்குள்ள வந்து கூட்டிட்டுப் போயிருங்க. இல்லன்னா ஊசி போட்டு முடிச்சிருவாங்க. அப்புறம் எங்களைக் கேட்கக் கூடாது."

குன்சுலு போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். குஷிக்பாய் என்பது அவளுடைய மாமனாரின் பெயர். அந்த மாமனார் தெருவில் சுற்றவில்லை. அவளுக்கு எதிரே, தாழ்வான மேசைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, பால் கலந்த தேநீரைக் குடிக்காமல் கிண்ணத்திலேயே ஆறவிட்டுக்கொண்டிருந்தார். எண்பத்தொரு வயது. கழுத்தில் பட்டை இல்லை, வாய்ப்பூட்டும் இல்லை, அதுவரைக்கும் உண்மைதான்.

"யாரும்மா போன்ல?" என்றார் கிழவர்.

"ராங் நம்பர் அத்தா."

வீட்டுக்குப் பின்னால் போய் நின்று நாலு மூச்சு விட்ட பிறகுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. ஐந்து நாளாகக் காணாமல் போயிருந்த மிர்சா அகப்பட்டுவிட்டான். மிர்சாதான் நாய். பதிவேட்டில் எந்தப் புண்ணியவதியோ நாயை மனிதனாகவும் மனிதனை நாயாகவும் மாற்றி எழுதிவைத்திருக்கிறாள்.

மிர்சா தாஸி இனத்து வேட்டை நாய். ஒடுங்கிய முகம், ஒட்டிய வயிறு, நீண்ட கால். மிர்சா என்றால் கனவான் என்று அர்த்தம். பெயருக்கேற்ற நடத்தைதான், தட்டில் போட்டதைக்கூட யாராவது இரண்டு தரம் உபசரித்தால்தான் வாய் வைப்பான். கிழவருக்கு அவன்தான் எல்லாம். மகன் எசென் மேற்கே எண்ணெய் வயலில் மாதத்தில் பாதிநாள் கிடப்பவன். கிழவரின் மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். போன வியாழக்கிழமை மிர்சா கழுத்துப் பட்டையை வேலிக்கம்பியில் மாட்டவிட்டுவிட்டு எதையோ துரத்திக்கொண்டு ஓடியவன் திரும்பவில்லை. அன்றிலிருந்து கிழவர் தடியை ஊன்றி ரயில் பாதைவரை போவதும் வருவதுமாக இருந்தார். சாப்பாட்டில் கை வைக்கவில்லை. இப்படியே இன்னும் ஒரு வாரம் போனால் நாயைத் தேடுவதை விட்டுவிட்டு இவருக்குக் குழி தோண்ட வேண்டியதுதான் என்று குன்சுலு பயந்துகொண்டிருந்தாள்.

இன்றைக்கு ஆறு மணிக்குள் நாய் வீட்டுக்கு வர வேண்டும். ஆனால் கிழவரிடம் எப்படிச் சொல்வது? "அத்தா, நீங்க அரசாங்கக் கணக்குல நாய்" என்றா?

அவர்கள் மொழியில் குஷிக் என்றால் நாய்க்குட்டி. அவருக்கு முன் பிறந்த மூன்றும் தொட்டிலைத் தாண்டவில்லை. நான்காவதை எமன் கவனிக்கக் கூடாதென்று தாய்க்காரி நாய்க்குட்டி என்று பேர் வைத்தாள். நம் பக்கத்தில் பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன் என்று வைப்பதில்லையா, அதே தந்திரம்தான். எமன் ஏமாந்தான், பெயர் நின்றுவிட்டது.

அந்தப் பெயரைக் குன்சுலு இருபத்திரண்டு வருஷமாக வாயால் சொன்னதில்லை. புகுந்த வீட்டுப் பெரியவர்களின் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. பெயரை மட்டுமல்ல, பெயருக்குள் ஒளிந்திருக்கும் சொல்லையும். நாய் குட்டி போட்டால் "குரைக்கிறவளுக்குப் பிள்ளை பொறந்திருக்கு" என்பாள். தெருவே அதைச் சொல்லி மெச்சும். அந்த மெச்சலில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது, அதை மறைப்பானேன். பக்கத்து வீட்டு அல்டின்ஷாஷ் தன் மாமனாரைப் பஸ் கண்டக்டரைக் கூப்பிடுகிற மாதிரி பேர் சொல்லிக் கூப்பிடுவாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் குன்சுலு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கையும் கூடக் காய்கிறதே என்று நினைத்துக்கொள்வாள்.

கடைக்குப் போய் வருகிறேன் என்று கிழவரிடம் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நவம்பர் மாதத்துச் சேறு, மேலே உறைபனி. கால்நடை நிலையம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கசாப்புக் கொட்டடியை ஒட்டி இருந்தது. நடக்கும்போதே அவளுக்கு அந்த ஏப்ரல் நாள் நினைவுக்கு வந்து குத்தியது.

சட்டத்தைக் குறை சொல்வதற்கில்லை. வீட்டில் வளர்க்கிற நாய், பூனை ஒவ்வொன்றுக்கும் தோலுக்கடியில் அரிசியளவு சிப் ஒன்றை ஊசியால் ஏற்ற வேண்டும். அதன் எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டும். தொலைந்தால் கண்டுபிடிக்கலாம், கடித்தால் யாருடையது என்று கேட்கலாம். இதில் என்ன தப்பு? ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! குமிஸ்தோபே ஊரில் அந்தப் பூசாரி, கால்நடை நிலையத் தலைவர் எர்காலி ஸபரோவிச். ஆடுகளை மருந்துத் தண்ணீரில் முக்கும் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த ஆள், மூன்றே வருஷத்தில் டை கட்டினார். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான். இவர் கால்பந்து மைதானத்தில் பந்தல் போட்டார், ஒலிபெருக்கி வைத்தார், ஒவ்வொரு நாயின் கழுத்திலும் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். எந்த நாயும் படத்தில் சிரிக்கவில்லை.

ஊர்க்காரர்களும் லேசுப்பட்டவர்களில்லை. சிப்புக்குள் கேமரா இருக்கிறது, படுக்கையறையைப் படம் பிடிக்கும் என்றான் ஒருவன். அவன் குறட்டை விடுவதைப் பார்க்க அரசாங்கத்துக்கு என்ன தலையெழுத்து? மாவுக் கடைக்காரி தன்னுடைய நாலு பூனைகளையும் "விருந்துக்கு வந்திருக்குதுங்க" என்றாள். இன்னொரு புத்திசாலி, ஊசி ஆளைக் கொல்கிறதா என்று சோதித்துப் பார்க்கப் பக்கத்து வீட்டு நாயை இழுத்துவந்து முதலில் நிறுத்தினான். அது சாகவில்லை. ஆனால் அன்றிலிருந்து சட்டப்படி அவன்தான் அதன் சொந்தக்காரன். அது யாரைக் கடித்தாலும் அவன்தான் போய் நிற்கிறான்.

அன்று கிழவருக்கு முழங்கால் வலி. அடையாள அட்டையை அவர் சட்டைப்பையைவிட்டு வெளியே விடுகிற ஆள் இல்லை. அதனால் ஒரு தாளில் தன் அடையாள எண்ணையும், அதற்குக் கீழே குஷிக்பாய், மிர்சா என்று இரண்டு பெயர்களையும் நடுங்கும் கையால் எழுதி மருமகளிடம் கொடுத்தனுப்பினார். எது யார் என்று எழுதவில்லை. தன் பெயர் ஊருக்கே தெரியும் என்று நினைத்தார், பாவம்.

பந்தலுக்குள் கணினி வேலை செய்யவில்லை. தில்நாஸ் என்று ஒரு பெண் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். பெரிய நகரத்தில் ரஷ்யப் பள்ளியில் படித்தவள். சொந்த மொழி அவளுக்குச் சந்தையில் கீரை வாங்குமளவுதான் வரும். தாளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுல எது நாய்?"

குன்சுலு வாயைத் திறப்பதற்குள் அவளே கண்டுபிடித்துவிட்டாள். "குஷிக்பாயா! குஷிக்னா நாய்க்குட்டிதானே? அது எனக்கே தெரியுமே. அப்ப நாய் பேரு குஷிக்பாய், சரியா?" என்று பந்தல் அதிரக் கத்தினாள்.

ஊர் நடுவில், நாய்களுக்கு மத்தியில், மாமனாரின் பெயர்! குன்சுலு பதறிப்போய், வெட்கக்கேடென்றால் அந்த ஊர்ப் பெண்கள் செய்வதுபோலக் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டு தலை குனிந்தாள். தலை குனிந்ததைத் தலையாட்டல் என்று எடுத்துக்கொண்டு தில்நாஸ் எழுதிமுடித்தாள். அப்போதே "இல்லைம்மா, அது மனுஷன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் எந்தப் பெயர், யார் பெயர் என்று பேச்சு நீளும். மரியாதை வாயைக் கட்டிப்போட்டது. எண்ணை வைத்து அவர்களே சரிசெய்துகொள்வார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அவர்களாவது சரிசெய்வதாவது!

நிலையத்தில் அதே தில்நாஸ்தான் சன்னலுக்குப் பின்னால் இருந்தாள். காலையில் போன் செய்ததும் அவள்தான்.

"அஞ்சு நாளாச்சே, ஏம்மா இன்னிக்குத்தான் சொல்றீங்க?" என்றாள் குன்சுலு.

"நான் லீவுல இருந்தேன்."

"நீ லீவுல போனா நாய்க்கு யாரு லீவு குடுப்பா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. தலைவர் வரணும்."

தலைவர் பன்னிரண்டு மணிக்கு வருவார் என்றாள். பன்னிரண்டுக்குக் கேட்டால் சாப்பாட்டு நேரம் என்றாள். சாப்பாடு நாலரைவரைக்கும் நீண்டது. யாரோ உறவுக்காரர் வீட்டில் குதிரை இறைச்சி விருந்தாம். அதுவரை குன்சுலு கூண்டுக் கொட்டகையின் வாசலில் நின்றாள். உள்ளே நுழைய விடவில்லை. கம்பி இடுக்கு வழியாக மூன்றாவது கூண்டு தெரிந்தது. மிர்சா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது. மற்ற நாய்களெல்லாம் தொண்டை கிழியக் குரைத்தன. கனவான் அந்த இடத்தைப் பார்க்கவே அருவருத்தவன் போல முதுகைக் காட்டிக்கொண்டிருந்தான். குன்சுலுவுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

எர்காலி ஸபரோவிச் பல்லைக் குத்திக்கொண்டே வந்து நாற்காலியில் சரிந்தார்.

"வா மருமகளே. என்ன விஷயம்?" ஊருக்கு வாழ வந்தவள் அங்கே எல்லாருக்கும் மருமகள்தான்.

"எங்க நாயைக் கூட்டிட்டுப் போக வந்தேன் அண்ணே. மிர்சாவை."

அவர் கணினித் திரையைப் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. நல்ல வெளிச்சம் இல்லை.

"மிர்சாங்கிறது உரிமையாளர் பேராச்சே. அவரு எங்க? அடையாள அட்டையோட வரச் சொல்லு."

"அவனுக்கு ஏது அண்ணே அட்டை? உள்ளதான் இருக்கான், மூணாவது கூண்டுல."

"உரிமையாளரை நாங்க எதுக்குக் கூண்டுல போடறோம்?"

"அதுதான் அண்ணே நாய்! உங்க பொண்ணு மாத்தி எழுதிட்டா."

"பதிவேடு மாத்தி எழுதாது. நாயோட பேரு குஷிக்பாய்னு போட்டிருக்கு."

குன்சுலுவின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. அவர் அதைப் பார்த்தார். பார்த்து ரசித்தார்.

"அப்ப குஷிக்பாய்ங்கிறது யாரு? சொல்லு மருமகளே."

"எங்க வீட்டுப் பெரியவரு."

"பெரியவருன்னா? பேரைச் சொல்லிச் சொல்லு. வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தான். அவருடைய தாயும் சாகும்வரை மாமனார் பெயரைச் சொல்லாதவள்தான். தில்நாஸ் தெரியாமல் செய்தாள், அது முட்டாள்தனம். தெரிந்தே செய்கிற இந்த ஆளை என்னவென்று சொல்வது? போன குளிர்காலத்தில் நகரத்து மேலதிகாரிகளோடு முயல் வேட்டைக்குப் போக மிர்சாவை இரவல் கேட்டு வந்திருந்தார். "கனவானை வாடகைக்கு விடறதில்லப்பா" என்று கிழவர் அனுப்பிவைத்தார். அந்த ஒரு வாக்கியத்தை மனுஷன் பத்து மாதமாக மென்றுகொண்டிருந்திருக்கிறார்.

"தப்பைத் திருத்திருங்க அண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"திருத்தலாமே. மனு குடு. பதினஞ்சு வேலை நாள் ஆகும்."

"ஆறு மணிக்கு ஊசி போட்டுருவீங்களே?"

"அது வேற பிரிவு."

தில்நாஸ் களுக்கென்று சிரித்தாள். குன்சுலுவுக்குக் காதுவரை சுட்டது. மேசைமேல் இருந்த தேநீரை எடுத்து அந்த டையில் ஊற்றினால் என்ன என்று தோன்றியது. ஊற்றினால் நாய் செத்துவிடும்.

"வேற வழியே இல்லையா அண்ணே?"

"இருக்கு," என்றார் எர்காலி ஸபரோவிச், இதற்காகவே காத்திருந்தவர் போல. "உரிமையாளர் வர முடியலைன்னா, பதிவுல போன் நம்பர் குடுத்திருக்கிற ஆள் அடையாளம் காட்டலாம். அது நீதான். நாயை முற்றத்துல கொண்டாந்து நிறுத்துவாங்க. நீ நம்ம நாய் பிடிக்கிற லாரிக்குப் பின்னால நிக்கணும், நாய் உன் முகத்தைப் பார்க்கக் கூடாது, கையைக் காட்டி ஏமாத்தக் கூடாது. பதிவுல இருக்கிற பேரைச் சொல்லிக் கூப்பிடணும். மூணு தடவை. நாய் வந்துச்சுன்னா உங்க நாய். வரலைன்னா அனாதை நாய். எல்லாத்தையும் வீடியோ எடுப்போம். என்னை யாரும் குறை சொல்லக் கூடாது பாரு."

குன்சுலுவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. அவள் மாமனாரின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. அந்தப் பெயரால் ஒரு நாயைக் கூப்பிட வேண்டும்.

வெளியே வந்தாள். எசெனுக்குப் போன் போட்டாள். எண்ணெய் வயலில் சிக்னல் எட்டவில்லை. அந்தப் பெயரை வாய்கூசாமல் சொல்லக்கூடிய ஆள் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தாள். ஒரே ஒருத்திதான் நினைவுக்கு வந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அல்டின்ஷாஷுக்குப் போன் செய்தாள். மானத்தை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

மறுமுனையில் விழுந்து விழுந்து சிரிப்பு. "பேரைச் சொல்றதுக்கு ஆள் பிடிக்கிறீங்களா அக்கா? சாவுக்கு ஒப்பாரி வைக்கத்தான் ஆள் பிடிப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். இருங்க, வர்றேன்."

ஐந்தேகாலுக்கு அவளுடைய பழைய கார் வந்து வாசலில் நின்றது. அல்டின்ஷாஷ் இறங்கினாள். பின்சீட்டில் கிழவர் இருந்தார்.

"அடிப் பாவி! அவரை ஏன்டி கூட்டிட்டு வந்த?"

"நான் கிளம்பறப்போ படியில உட்கார்ந்து அந்தக் கழுத்துப் பட்டையைத் தடவிக்கிட்டிருந்தாரு அக்கா. சொல்லாம வர்றதுக்கு நான் என்ன கல்லா?"

"எல்லாத்தையும் சொல்லிட்டியா?"

"எல்லாத்தையும்."

குன்சுலு அவளைப் பார்த்தாள். எலிப்புழுக்கை என்று தான் இத்தனை வருஷம் நினைத்துவந்தவளை. அவளுக்குத் தோன்றியது தனக்கு ஏன் தோன்றவில்லை என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

அல்டின்ஷாஷ் நேரே சன்னலுக்குப் போனாள். "குஷிக்பாய் நாயைக் கூப்பிடணுமாமே? நான் கூப்பிடறேன். குஷிக்பாய், குஷிக்பாய், குஷிக்பாய்! போதுமா, இன்னும் நாலு வேணுமா?"

"நீ யாரு?" என்றார் எர்காலி ஸபரோவிச். "பதிவுல நீ இல்ல."

"சரி, பெரியவரு வந்திருக்காரு, அட்டையோட. அவரோட நாய். குடுத்துருங்க."

"அவரு பதிவுல இருக்காரு." தலைவர் தன் ஹாஸ்யத்துக்குத் தானே முன்கூட்டிச் சிரித்தார். "ஆனா எண்ணு ஒத்துப்போனாலும் பேருல நாயா இருக்காரு. நாய்க்கு நாயை எப்படிக் குடுக்கிறது?"

தில்நாஸ் சிரித்தாள். நாய் பிடிக்கிறவன்கூட வாய்க்குள் சிரித்தான். ஒரு மனிதன் நாற்பது வருஷம் ரயில்வேயில் இரும்பு தூக்கி, பிள்ளை வளர்த்து, யாரிடமும் கை நீட்டாமல் வாழ்ந்து முடிக்கிற நேரத்தில் இந்தப் பதர்களிடம் வந்து சிரிப்புக்கு ஆளாக வேண்டும். இந்தச் சிரிப்பைத் தொடங்கிவைத்தது யார்? ஏப்ரலில் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டு பேசாமல் நின்றவள்தான். ஊர் மெச்சிய மருமகள்! தூ, என்று குன்சுலு தன்மேலேயே மனதுக்குள் துப்பிக்கொண்டாள்.

"நாயைக் கொண்டாங்க," என்றாள். "நான் கூப்பிடறேன்."

நாய் பிடிக்கிறவன் மிர்சாவை நீளக் கயிற்றில் கட்டி முற்றத்துக்கு நடுவில் இழுத்துவந்து நிறுத்தினான். நிறுத்தியதும் மிர்சா சேற்றைப் பார்த்து முகம் சுளித்து, இவர்கள் யாரும் வேண்டாமென்று மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். குன்சுலு லாரிக்குப் பின்னால் போய் நின்றாள். தில்நாஸ் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"குஷிக்..." மீதி உதட்டைத் தாண்டவில்லை.

"வீடியோவுல விழல," என்றார் எர்காலி ஸபரோவிச். "ஆனா ஒண்ணுன்னு கணக்கு வச்சுக்கறேன்."

"குஷிக்பாய்."

இப்போது விழுந்தது. நாயின் ஒரு காது லேசாக அசைந்தது, அவ்வளவுதான். அது எப்படித் திரும்பும்? அந்தப் பெயரை அது பிறந்ததிலிருந்து கேட்டதே இல்லை. அந்த வீட்டில் யார் சொன்னார்கள்? அடுத்தவனைக் கூப்பிடுகிறார்கள், நமக்கென்ன என்று கனவான் மரியாதையாக இருந்துவிட்டான்.

"ரெண்டு," என்றார் தலைவர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஆறாகப் பத்து. மருந்தை எடுத்து வைக்கச் சொல்லு தில்நாஸ்."

குன்சுலு வாசல் பக்கம் பார்த்தாள். கிழவர் காரைவிட்டு இறங்கி வந்து, இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கழுத்துப் பட்டை கையில் இருந்தது. அவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருக்கிறதா என்று அவள் தேடினாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் முகத்தை அவள் நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை. கோபம் இல்லை. பட்டையின் கொக்கியை ஏற்கெனவே திறந்து வைத்திருந்தார்.

அவள் தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். மூச்சை இழுத்தாள். அடிவயிற்றிலிருந்து, கசாப்புக் கொட்டடிக்கு அப்பால் ரயில் பாதைவரை கேட்கும்படி கத்தினாள்.

"குஷிக்பாய்!"

"ஆவ்!"

பதில் வாசலிலிருந்து வந்தது. மேய்ச்சல் வெளியில் அம்மா கூப்பிட்டால் பையன்கள் தூரத்திலிருந்து கொடுக்கிற பதில் அது. கிழவரின் தாய் செத்து அறுபது வருஷமாகிறது. அதன்பிறகு அந்தப் பெயரைச் சொல்லி இவ்வளவு உரக்க அவரை யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்ட மாத்திரத்தில் யோசிக்காமல் அவர் வாய் பதில் சொல்லிவிட்டது.

அந்தக் குரலுக்கு மிர்சா திரும்பினான். அவ்வளவுதான் தெரியும். கயிறு பறந்தது. கயிற்றைப் பிடித்திருந்தவன் முழங்காலால் சேற்றில் இரண்டு கோடு போட்டுவிட்டுக் கையை விட்டான். லாரியைத் தாண்டி, தில்நாஸைத் தாண்டி, தலைவரின் பளபளக்கும் சப்பாத்துகளின்மேல் சேற்றை வாரி இறைத்து, நாய் வாசலுக்குப் போய்க் கிழவரின் மார்பில் இரண்டு கால்களையும் தூக்கி வைத்தது. கிழவர் கதவைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. "வந்துட்டியாடா, வந்துட்டியா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கனவான் கௌரவத்தையெல்லாம் விட்டுவிட்டுக் குட்டிபோல முனகினான்.

தில்நாஸ்தான் முதலில் வாயைத் திறந்தாள். போனைப் பார்த்துக்கொண்டே, "பேரைக் கூப்பிட்டாங்க ஐயா. நாய் வந்துருச்சு. எல்லாம் பதிவாயிருக்கு," என்றாள்.

"அது பேருக்கு வரல! அந்த ஆளோட குரலுக்கு வந்துச்சு!"

"குரலைப் பத்தி உங்க விதியில இருக்கா?" என்றாள் அல்டின்ஷாஷ். "பேரைக் கூப்பிடணும், நாய் வரணும். ரெண்டும் நடந்துச்சு. எடுத்து வச்ச ஊசி வீணாப் போகுதேன்னு கவலையா இருந்தா நீங்களே போட்டுக்கங்க."

வேலிக்கு வெளியே அதற்குள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். கசாப்புக் கொட்டடி ஆட்கள் ஏப்ரனோடு வந்து நின்றார்கள். யாரோ சிரித்தான். அது கிழவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில்லை. எர்காலி ஸபரோவிச் ஒரு காலைத் தூக்கிச் சப்பாத்தைப் பார்த்தார், இன்னொரு காலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் விடுவிப்புத் தாளில் கையெழுத்துப் போட்டார். பேனா முனை தாளைக் கிழித்தது.

தாளைச் சன்னல் வழியாக நீட்டும்போது கடைசியாக ஒரு தடவை கொத்திப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"திருத்த மனுவை எழுதிக் குடுத்துட்டுப் போ மருமகளே. இல்லன்னா உங்க மாமனார் ஆயுசுக்கும் பதிவுல நாயாத்தான் இருப்பாரு."

குன்சுலு தாளை வாங்கி மடித்தாள். கை கன்னத்துக்குப் போகவில்லை. அவர் கண்ணைப் பார்த்து, வேலிக்கு வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"வேண்டாம் அண்ணே. உங்க கம்ப்யூட்டர்ல யாரு வேணா நாயா இருந்துட்டுப் போகட்டும். இங்க நாய் யாருன்னு எல்லாரும் பார்த்தாச்சு."

சொல்லிவிட்டு அவள் கிழவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக் காரில் ஏற்றப் போனாள்.